பாய்மரப் படகில் முதல் ஆறு வாரங்கள்: ஆனித் திருவிழாவுக்கு நயினாதீவுவரை போகலாமா?

கேள்வி: துறையூர் மருமகள்

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் பருத்தித்துறையைச் சேர்ந்தவர்கள். என் கணவர் பதினேழு ஆண்டுகள் சரக்குக் கப்பல்களில் இயந்திரப் பிரிவில் வேலை செய்தவர். திருகோணமலையில் ஒருவர் விற்ற, பத்தரை மீற்றர் நீளமான கண்ணாடியிழைப் பாய்மரப் படகொன்றை வாங்கி, பங்குனித் தொடக்கத்தில் பதினொரு வயது மகளுடனும் ஏழு வயது மகனுடனும் அதிலேயே குடியேறினோம். மூன்று வாரங்கள் திருகோணமலை உட்துறையில் நங்கூரமிட்டு இருந்துவிட்டு, சித்திரை வருடப்பிறப்புக்கு முன்னர் வடக்கு நோக்கிப் புறப்பட்டோம். இப்போது எழுத்தில் அனுமதி பெற்றுக் காங்கேசன்துறையில் நிற்கிறோம்.

திருகோணமலையிலிருந்து பருத்தித்துறை முனைவரை சுமார் 100 கடல்மைல். காற்று மெலிந்திருந்ததால் பாதி வழி பாயிலும் பாதி வழி இயந்திரத்திலுமாக வந்தோம். முல்லைத்தீவுக்கு நேரே நள்ளிரவு தாண்டிய வேளையில் இயந்திரம் ஒருமுறை உறுமிவிட்டு நின்றது. படகைத் தள்ளும் சுழலியில் யாரோ ஒருவருடைய வலை சுற்றியிருந்தது. விடியும்வரை மிதந்துகொண்டிருந்தோம். வெளிச்சம் வந்ததும் கணவர் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு கத்தியுடன் இறங்கி அதை அறுத்தெடுத்தார். பச்சை நைலோன் வலைத்துண்டு ஒரு வாளி நிறைய வந்தது, அதில் இரண்டு பாரை மீன்கள் இன்னும் உயிருடன் இருந்தன. அந்த வலைக்குரியவர் யாரென்று தெரியாமலே வந்துவிட்டோம் என்பது இன்றுவரை என் மனதை அரிக்கிறது.

அதற்குப் பிறகு வந்தவை சிறியவை என்றாலும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. எங்கள் தண்ணீர்த் தாங்கிகள் 280 லீற்றர் கொள்ளும். ஒரு பிற்பகல் நாங்கள் கரைக்குப் போயிருந்தபோது குசினித் தொட்டியின் கீழிருந்த குழாய் இணைப்பு கழன்றுவிட்டது. மின்பம்பி தன் வேலையை விடாமல் செய்து, இருந்த நல்ல தண்ணீர் முழுவதையும் படகின் அடிப்பள்ளத்துக்குள் இறைத்துவிட்டது. அடுத்த வாரம் இடிமழையோடு வந்த காற்றில் நங்கூரம் பிடிவிட்டு இழுபட்டது. அலைதடுப்புச் சுவரை நோக்கி எண்பது மீற்றர்வரை நகர்ந்த பிறகுதான் விழித்துக்கொண்டோம். ஐந்து மீற்றர் ஆழத்தில் பதினைந்து மீற்றர் சங்கிலி விட்டிருந்தோம். மகளுக்குக் குமட்டல் முழுமையாக விடவில்லை. நானும் கணவரும் வீட்டில் பதின்மூன்று வருடங்களில் போடாத சண்டைகளை இந்த ஆறு வாரங்களில் போட்டுவிட்டோம். அவர் கப்பலில் கட்டளையிட்டுப் பழகியவர், எனக்கோ எந்தக் கயிற்றை எப்போது பிடிக்க வேண்டும் என்று யாரும் ஒழுங்காகச் சொல்லித் தந்ததில்லை.

இருந்தாலும் இந்த வாழ்க்கையை விட்டுவிட எனக்கு மனமில்லை. இரவில் பாயை ஏற்றும் கயிறு மரத்தில் டங், டங் என்று அடித்துக்கொண்டேயிருக்கும். முதல் வாரம் அந்தச் சத்தத்தில் எவரும் உறங்கவில்லை. இப்போது சத்தம் விரைவாகும்போது, மகன் படுக்கையிலிருந்தபடியே "அம்மா, காத்துக் கூடுது" என்று சொல்கிறான். நேற்று அவன் சொல்லி ஐந்து நிமிடங்களில் மழை வந்தது.

கேட்க விரும்புவது இரண்டு. என் மாமியார், பேரப்பிள்ளைகளை ஆனியில் நயினாதீவு நாகபூசணி அம்மன் திருவிழாவுக்கு இந்தப் படகிலேயே கூட்டிவருவதாக நேர்த்தி வைத்திருக்கிறார். வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் அத்திலாந்திக் சமுத்திரத்தையே தாண்டியதென்றால் நாம் நயினாதீவுக்குப் போக முடியாதா என்று கணவர் கேட்கிறார். படகு நீருக்குக் கீழே 1.6 மீற்றர் அமிழ்ந்து நிற்கும். போகலாமா? அடுத்தது, படகிலே வீடு நடத்துவது எப்படி என்று அனுபவமுள்ளவர்கள் சொல்லித் தர வேண்டும்.

மறுமொழி 1: தண்டையல் பேரன்

தங்கச்சி, உங்கள் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தேன். நான் வல்வெட்டித்துறையான். அப்பாவின் அப்பா பாய்க்கப்பல்களில் தண்டையலாக, அதாவது கப்பல் தலைவராக இருந்தவர், இரங்கூனுக்கு அரிசி ஏற்றப் போய்வந்தவர். நான் இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். ஆனாலும் நாற்பது வருடங்கள் இந்தக் கடலில் ஓடியிருக்கிறேன்.

அன்னபூரணியைப் பற்றி உங்கள் கணவர் சொன்னது உண்மை. 1937இல் புறப்பட்டு, 1938 ஆகஸ்டில் அமெரிக்காவின் குளோசெஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. வாங்கிய அமெரிக்கர் புளோரன்ஸ் சி. ரொபின்சன் என்று அதற்குப் பெயர் மாற்றியிருந்தார். ஆனால் அந்தக் கப்பலை ஓட்டிய எங்கள் ஊரவர்கள் பிறந்த நாளிலிருந்து பாய்க்கயிற்றோடு வளர்ந்தவர்கள். அதைவிடப் பெரிய விடயம், அவர்கள் காற்றுக்காகக் காத்திருந்தவர்கள் என்பது. கிழக்கிலிருந்து வரும் கொண்டலுக்கு ஒரு போக்கு, தென்மேற்கிலிருந்து வரும் சோளகத்துக்கு ஒரு போக்கு என்று ஆண்டையே இரண்டாகப் பிரித்து வைத்திருந்த மனிதர்கள், ஆனி மாதம் இன்ன நாளில் இன்ன துறையில் நிற்பேன் என்று எவருக்கும் வாக்குக் கொடுத்ததில்லை. வடகிழக்கு வாடைக்காற்று தொடங்கினால் கப்பலைக் கட்டிவிட்டு மாதக்கணக்கில் வீட்டில் இருந்தார்கள்.

ஆனியில் சோளகம் முழுப் பலத்தோடு தென்மேற்கிலிருந்து வீசும். அந்த நேரத்தில் காங்கேசன்துறைப் பக்கத்து வடகரை ஓரளவு மறைவாக இருக்கும், ஏனென்றால் காற்று தரையைக் கடந்து வருகிறது. அந்த மறைவை நம்பிப் புறப்பட்டு, காரைநகர் கோவளம் வெளிச்சவீட்டைத் தாண்டித் தெற்கே திரும்பினீர்கள் என்றால், காற்றும் அலையும் நேரே முகத்தில் வரும். பாக்குநீரிணைக் கடலுக்கு ஆழம் குறைவு. ஆழம் குறைந்த கடலில் எழும் அலை கட்டையாகவும் செங்குத்தாகவும் ஒன்றன்பின் ஒன்றாக நெருக்கமாகவும் வரும், அதில் உங்கள் படகு முன்னேறாமல் எழும்பி எழும்பி விழும். குமட்டல் விடாத பிள்ளையை அதற்குள் கொண்டுபோகக் கூடாது. தீவுகளுக்கு இடையிலான தண்ணீரில் 1.6 மீற்றர் அமிழும் படகு தட்டும் இடங்கள் பல இருக்கின்றன. மணல் திட்டுகளும் இடம் மாறும். குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்கு ஓடும் வள்ளக்காரர் ஒருவரை அணியத்தில், அதாவது படகின் முன்முனையில் இருத்தி வழி கேட்காமல் அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

எனவே மாமியாரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். நேர்த்தி அம்மனுக்கே ஒழிய படகுக்கு அல்ல. படகைக் காங்கேசன்துறையில் விட்டுவிட்டு, எல்லோரையும் போலக் குறிகட்டுவானில் ஏறிப் போய்க் கும்பிட்டு வாருங்கள். நாள் குறித்துக்கொண்டு கடலில் இறங்குவதுதான் எனக்குத் தெரிந்த பல விபத்துகளின் தொடக்கம். காற்று சரியில்லை என்று கண்ணுக்குத் தெரியும், நாள் நெருங்குகிறது என்று மனம் சொல்லும், கடைசியில் மனம் சொன்னதைக் கேட்டுவிடுவார்கள்.

நங்கூரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஐந்து மீற்றர் ஆழத்துக்குப் பதினைந்து மீற்றர் சங்கிலி காணாது. தண்ணீரின் ஆழத்தோடு, நீர்மட்டத்திலிருந்து உங்கள் அணியத்தின் உயரத்தையும் கூட்ட வேண்டும். அது ஒரு மீற்றருக்குச் சற்று மேலிருக்கும் என்று வைத்தால் மொத்தம் ஆறு மீற்றருக்கு மேல், அதைப்போல் ஐந்து மடங்கு, அதாவது முப்பது மீற்றராவது விட வேண்டும். சங்கிலிக்குப் பதில் கயிறென்றால் ஏழு மடங்கு. சங்கிலி கிடையாகக் கிடந்து இழுத்தால்தான் நங்கூரம் மண்ணைக் கவ்வும், மேல்நோக்கி இழுத்தால் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். போட்ட பிறகு இயந்திரத்தைப் பின்னுக்கு ஓட்டி இழுத்துப் பார்க்க வேண்டும். பிறகு கரையில் முன்னும் பின்னுமாக நிற்கும் இரண்டு பொருட்களைக் குறி வைத்துக்கொள்ளுங்கள், ஒரு தனிப்பனையும் அதற்குப் பின்னால் தெரியும் தண்ணீர்த் தாங்கியும் போல. அவை ஒன்றையொன்று மறைத்தபடி இருக்கும்வரை படகு நகரவில்லை. காற்று மாறிப் படகு நங்கூரத்தைச் சுற்றிவந்தால் குறியும் மாறும், அப்போது புதிதாகக் குறி எடுக்க வேண்டும். கடலடிப் பாறைத் திட்டான பாரில் போடாதீர்கள். நங்கூரம் சிக்கினால் எடுக்க முடியாது, பவளப்பாரும் உடைந்துபோகும். வெள்ளையாகத் தெரியும் மணலைத் தேடிப் போடுங்கள்.

வைகாசி முற்றுவதற்குள் ஒரு சிறு ஓட்டம் போய்வர விரும்பினால் காரைநகரின் வடகரைவரை போகலாம், ஒரு பக்கம் பன்னிரண்டு கடல்மைல்தான். கரைக்காற்று இருக்கும் விடியற்காலையில் புறப்படுங்கள், வெயிலேறிக் காற்று உரக்கும் முன் நங்கூரமிட்டுவிடலாம். முதல்நாள் வளிமண்டலவியல் திணைக்களம் கடற்றொழிலாளருக்கு விடும் அறிவித்தலைக் கேளுங்கள். போகும் பாதையைக் கடற்படையினருக்கும் முன்கூட்டியே தெரிவியுங்கள். வடகரையில் மயிலிட்டி, வல்வெட்டித்துறை போன்ற இடங்களில் பாருக்குள் வள்ளம் நுழைய வெட்டிய வான் எனும் ஒடுங்கிய வழி இருக்கிறது என்பதற்காக அதற்குள் படகை விட்டுவிட வேண்டாம். அவை அடி தட்டையான வள்ளங்களுக்கு உரியவை.

மறுமொழி 2: மயிலிட்டித் தொழிலாளி

அக்கா, நான் வலை விடுகிறவன், அதனால் வலையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். நீங்கள் அறுத்த வலைக்காக வருந்தியதைப் படித்தபோது எனக்கு ஆறுதலாக இருந்தது, பலர் அதைக் குப்பையென்று எண்ணி எறிந்துவிட்டுப் போவார்கள். எங்களில் பலருக்கு வலைதான் கையிலிருக்கும் முழு முதல். அதிலும் பாதி கடனில் வாங்கியதாக இருக்கும்.

இரவில் மிதக்க விடும் வலையின் ஒரு தலைப்பில் எங்கள் வள்ளம் கட்டி நிற்கும், மறு தலைப்பில் கொடியோ சிறு விளக்கோ கட்டிய மிதவை இருக்கும். ஆகவே கடலில் அசையாமல் நிற்கும் ஒரு வெளிச்சத்தைக் கண்டால், அதன் துணை வெளிச்சம் எங்கே என்று தேடுங்கள், இரண்டுக்கும் நடுவே போகாதீர்கள். நாங்கள் உங்களைக் கண்டதும் ரோர்ச் அடித்து ஒரு பக்கமாக அசைப்போம். அந்தப் பக்கம் போங்கள் என்பது அதன் பொருள். மிதவைகளுக்கு மேலேதான் வந்துவிட்டோம் என்று தெரிந்த கணமே இயந்திரத்தைக் கியரிலிருந்து எடுத்துவிடுங்கள். சுழலி நின்றுவிட்டால் பெரும்பாலும் வலை அடியால் வழுக்கிப் போய்விடும். முல்லைத்தீவுப் பக்கத்துக் கடற்றொழிலாளர் சங்கங்களில் எந்த இரவு, எவ்விடம் என்று சொல்லி விசாரித்தால் வலைக்குரியவரைக் கண்டுபிடிக்கலாம். கடலில் நடந்தது கரைக்கு வந்து சேராமல் இருப்பதில்லை.

மறுமொழி 3: லங்காவிக் கரையாள்

தங்கச்சி, நான் ஏழாலையில் பிறந்தவள், ஒன்பது ஆண்டுகளாக மலேசியாவில் லங்காவித் தீவை அண்டிக் கணவரோடும் இரண்டு மகன்மாரோடும் படகில் வாழ்கிறேன். நயினாதீவுப் பயணத்தைப் பற்றி மேலே ஐயா எழுதியதற்கு மேல் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. வீடு நடத்துவதைப் பற்றித்தான் சொல்கிறேன், ஏனென்றால் முதல் மாதத்தில் எங்களை உடைக்கப் பார்த்தது கடல் அல்ல, குசினிதான்.

முதலில் அந்த மின்பம்பியின் ஆளியை இன்றே அணைத்துவிடுங்கள். காலால் மிதிக்கும் சிறு பம்பியைக் குசினித் தொட்டிக்குக் கீழே பொருத்துங்கள். குழாய் கழன்றாலும் மிதிக்காமல் ஒரு துளி வராது. அதோடு, மிதித்தெடுக்கும் தண்ணீரைப் பிள்ளைகள் தாங்களாகவே சிக்கனமாகச் செலவழிப்பார்கள். நாங்கள் தொடக்கத்தில் ஆளுக்கு நாளொன்றுக்குப் பதினான்கு லீற்றர் செலவழித்தோம், பம்பியை மாற்றிய பிறகு ஏழு லீற்றருக்கு இறங்கியது. அந்தக் கணக்கில் உங்கள் 280 லீற்றர் நான்கு பேருக்குப் பத்து நாட்கள் வரும். இரண்டு தாங்கிகளையும் ஒரே நேரத்தில் திறந்து வைக்காதீர்கள், ஒன்று வீணானாலும் மற்றது மிஞ்சும். திறந்த கடலில் பாத்திரங்களை உப்புத் தண்ணீரில் கழுவிக் கடைசியில் மட்டும் நல்ல தண்ணீரில் அலசலாம். துறைமுகத்துக்குள் இருக்கும்போது அதைச் செய்யாதீர்கள், அங்குள்ள தண்ணீரில் எண்ணெயும் கழிவும் கலந்திருக்கும்.

எரிவாயு விடயத்தில் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். சமையல் எரிவாயு காற்றைவிடப் பாரமானது. வீட்டில் கசிந்தால் கதவைத் திறந்துவிடலாம், படகில் கசிந்தால் தண்ணீரைப் போல இறங்கி அடிப்பள்ளத்தில் தேங்கி நிற்கும், ஒரு சிறு பொறி போதும். சிலின்டர் படகுக்குள்ளே இருந்தால் வெளியே மாற்றுங்கள், கசிந்த வாயு கடல் பக்கமாக வெளியேறத் துவாரமிட்ட பெட்டியில் அது இருக்க வேண்டும். சமைத்து முடிந்த ஒவ்வொரு தடவையும், தேநீர் வைத்தாலும்கூட, சிலின்டரின் வாயிலேயே பூட்டுங்கள்.

குளிர்சாதனப்பெட்டி இருக்கிறதா என்று எழுதவில்லை. இருந்தால் கணக்குப் பாருங்கள். எங்கள் சிறு பெட்டி நாளொன்றுக்கு 12 வோல்ட்டில் ஏறத்தாழ ஐம்பது அம்பியர்-மணி குடித்தது. அதோடு இரண்டு மின்விசிறியும் விளக்குகளும் சேர்ந்தால் தொண்ணூறைத் தாண்டிவிடும். 200 வாற் சூரியத் தகடு நல்ல வெயிலில் அறுபத்தைந்து, எழுபதுதான் திருப்பித் தரும். ஈய அமிலப் பற்றரியின் கொள்ளளவில் பாதிக்குமேல் எடுத்தால் அது விரைவில் செத்துப்போகும். அதனால் நாங்கள் பெட்டியை நிறுத்திவிட்டு எங்கள் ஊர்ச் சாப்பாட்டுக்குத் திரும்பினோம். ஒடியல் மா, புழுக்கொடியல், பனாட்டு, கருவாடு, வறுத்த அரிசிமா எல்லாம் மாதக்கணக்கில் கெடாதவை. பிட்டு அவிக்கச் சோறு ஆக்குவதைவிட மிகக் குறைந்த தண்ணீர் போதும், அவித்த தண்ணீரைப் பிறகு பாத்திரம் கழுவவும் எடுக்கலாம். ஓடும்போது சமைப்பதாக இருந்தால் மூடி பூட்டும் பிறஷர் குக்கரைத் தவிர வேறொன்றை அடுப்பில் ஏற்றாதீர்கள். ஒருமுறை கொதிக்கும் பருப்பு என் காலில் கவிழ்ந்தது, தழும்பு இன்றும் இருக்கிறது.

மகளின் குமட்டலுக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். ஆட்டம் உடம்புக்குப் பழக இரண்டு மூன்று நாட்கள் எடுக்கும், ஒவ்வொரு முறை துறையில் நீண்ட நாள் நின்றுவிட்டுப் புறப்படும்போதும் அது திரும்ப வரலாம். கீழே படுத்துப் புத்தகம் வாசிக்க விடாதீர்கள். மேலே இருத்தித் தூரத்துக் கடல் விளிம்பைப் பார்க்கச் சொல்லுங்கள். சுக்கானைக் கையில் கொடுத்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். இஞ்சி உதவும். வாந்தி எடுத்தால் ஜீவனி என்ற உப்புச்சீனித் தூளைத் தண்ணீரில் கரைத்து ஒவ்வொரு வாயாகக் கொடுங்கள். மாத்திரையென்றால் வைத்தியரிடம் பிள்ளையின் நிறையைச் சொல்லிக் கேட்டுக் கொடுங்கள்.

சண்டைகளைப் பற்றி எழுதியதற்கு நன்றி. நங்கூரமிடும்போது ஒருவர் அணியத்தில், ஒருவர் சுக்கானில், இடையில் இயந்திரச் சத்தம். கத்தாமல் கேட்காது, கத்தினால் கோபமாகக் கேட்கும். கையசைவுகளை முன்கூட்டியே பேசி வையுங்கள்: முன்னுக்கு, பின்னுக்கு, நிறுத்து, இடம், வலம். ஐந்து போதும். எங்கள் சண்டைகளில் பாதி அன்றோடு முடிந்தன.

அடுத்ததை உங்கள் கணவரும் வாசிக்க வேண்டும். படகைத் தனியாக ஓட்டித் திருப்பி நிறுத்த நீங்கள் கற்க வேண்டும், அதுவும் இந்த மாதமே. அவர் வலை அறுக்கக் கடலில் இறங்கிய அந்த விடியற்காலையில் கயிறு அறுந்திருந்தால் படகைத் திருப்பிக்கொண்டு போய் அவரை எடுக்கக்கூடியவர் யார் இருந்தார்கள்? ஒரு மட்டைத் தேங்காயைக் கடலில் எறியுங்கள். அது மிதக்கும்போது மனிதத் தலையளவுதான் தெரியும், சிறு அலையிலேயே மறைந்துவிடும். மகள் விரலை அதன்மேல் நீட்டியபடி, கண்ணை எடுக்காமல் நிற்கட்டும். நீங்கள் தனியாகப் படகைத் திருப்பி வாளியால் அதை அள்ளுங்கள், கணவர் வாய் திறக்கக் கூடாது. பயமின்றி அள்ள வரும்வரை இரவு ஓட்டம் வேண்டாம். இருட்டியபின் எவரும் மற்றவரை எழுப்பாமல் பின்தட்டை விட்டு எழும்பக் கூடாது, எழும்பினால் இடுப்புப் பட்டியைக் கயிற்றில் கொளுவிக்கொண்டே நகர வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

பிள்ளைகளுக்கு உண்மையான வேலை கொடுங்கள். மகள் காற்றின் திசையையும் நேரத்தையும் கொப்பியில் எழுதட்டும். சத்தத்தில் காற்றை அறியும் மகனுக்கு, காலையில் ரோர்ச் அடித்து அடிப்பள்ளத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பது பொருத்தமான வேலை.

துறையூர் மருமகள் (பத்து நாட்களின் பின்)

ஐயா, அக்கா, தம்பி மூவருக்கும் நன்றி. மாமியாருக்கு ஐயாவின் வரிகளை அப்படியே வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, குறிகட்டுவானாலே போவோம் என்று சொல்லிவிட்டார். கணவருக்கு ஒரு நாள் முழுவதும் முகம் சரியில்லை. மறுநாள் அவரே கால்பம்பி வாங்கிவந்து பூட்டினார், சிலின்டரையும் பின்தட்டுக்கு வெளியே மாற்றினார்.

சங்கிலி முப்பது மீற்றர் விட்டிருக்கிறோம். முந்தநாள் இரவு மறுபடியும் இடிமழை வந்தது. பனையும் தாங்கியும் மின்னல் வெளிச்சத்தில் ஒன்றன்பின் ஒன்றாகவே நின்றன, நான் விடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.

தேங்காயை முதல்நாள் அள்ள எனக்குப் பதினெட்டு நிமிடங்கள் எடுத்தன. இரண்டு தடவை அதன்மேலேயே ஏறிப் போனேன். இடையில் சிறிது நேரம் அது எங்கே என்றே தெரியவில்லை, மகளின் விரல் மட்டும்தான் வழி காட்டியது. நேற்று ஆறு நிமிடங்கள். கணவர் இரண்டு கைகளாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தார்.

முல்லைத்தீவில் இரண்டு சங்கங்களுக்குத் தொலைபேசியில் சொல்லியிருக்கிறோம். ஒருவர் அந்த இரவில் வலை இழந்ததாகத் தகவல் வந்திருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் போய்ப் பார்க்கப் போகிறோம்.

காரைநகர் ஓட்டத்தை வரும் வாரத்தில், காற்றைப் பார்த்து வைத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறோம். ஐயா, காரைநகரின் கசூரினாக் கரைக்கு நேரே நங்கூரமிடுவதாக இருந்தால், கரையிலிருந்து எவ்வளவு தூரத்தில் நின்றால் எங்கள் ஆழத்துக்குப் போதும்?